சிபானாவின் முகம்

"ஆணம் கொதிக்கிற சட்டிக்கும் ஒரு படமா?" என்று கேட்டேன்.

என் மனைவி ஸகியா போனைத் தாழ்த்தவில்லை.

"சட்டிய யாரு எடுத்த? உங்கட மகள் உப்புப் பாக்காள். அதத்தான் எடுக்கன்."

உள்ளங்கையில் ஆணத்தை விட்டு நக்கிக்கொண்டு நின்ற அம்ஹா சிரித்தாள். பதினாறு வயது. உம்மாவின் போனுக்குப் பழகிப்போனவள். தலை வாரினால் படம். ஸ்கூலுக்கு வெளிக்கிட்டால் படம். கோபத்தில் கதவைச் சாத்தினால், கதவைத் திறந்து ஒரு படம்.

"ஊர் சிரிக்கிது புள்ள. நாலு பேருக்கு முன்னால வெச்சு என்ட தம்பியே கேக்கான், மதினி ஸ்டூடியோ போட்டிரிக்காவா எண்டு."

"உம்ராவுக்கு மக்கா போன நேரம் கஃபாவுக்கு முன்னால நிண்டு படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பினீங்களே. அப்ப ஊர் சிரிக்கல்லயா?"

"அது வேற."

"ஓம், ஓம். அது வேறதான்."

அம்ஹா சிரிப்பை அடக்கக் குனிந்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"பல்லு விளக்கிறது, சோறு திண்ணுறது, இதெல்லாம் ஒரு படமா? ஆரு பாக்க இதச் சேக்காய்?"

ஸகியாவின் முகம் மாறிற்று. அடுப்பைத் தணித்தாள்.

அம்ஹாதான் சொன்னாள். "தெரிஞ்சுகொண்டே கேக்காதீங்க வாப்பா."

தெரியும். தெரிந்துகொண்டும் ஏன் கேட்கிறேன் என்பதுதான் எனக்கே பிடிபடுவதில்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது கேட்டுவிடுகிறேன்.

சிபானா எங்கள் மூத்த மகள். கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஆறு வயது. உம்மாவின் கையில் இருந்து நழுவித்தான் போனாள். வீடு போயிற்று. பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகள் போயின. படம் எடுத்த ஸ்டூடியோவும் போயிற்று. அவளுடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அம்ஹா பிறந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து.

ஸகியாவின் போன் சத்தம் போட்டது. சம்மாந்துறையிலிருந்து அவளுடைய மாமி மகள் அஸ்பியா. வாட்ஸ்அப்பில் ஒரு படம், பின்னாலேயே அஸ்பியாவின் குரல்.

"மச்சி, பழைய பெட்டியக் கிளறக்குள்ள கிடைச்ச. எங்கட தம்பிட கத்னா விருந்துக்கு எடுத்த படம். மூலையில நிக்கிறது நம்மட சிபானா எண்டு நினைக்கன். பாருங்க."

சம்மாந்துறைக்குக் கடல் போகவில்லை. அங்கே பெட்டிகள் மிஞ்சியிருந்தன.

பெரிய சஹன் தட்டைச் சுற்றிப் பெண்கள் இருந்து சாப்பிடும் படம். மூலையில் மஞ்சள் சட்டையில் ஒரு சிறுமி, யாரோ கூப்பிட்டதுபோல் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். இரட்டைப் பின்னல். ஒரு காது. அவ்வளவுதான்.

ஸகியா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பின்னல் பெரிதாயிற்று. காது பெரிதாயிற்று.

"இவள்தான். இந்தச் சட்டை நான் தைச்ச."

போனைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, "ஒண்டு கேக்கன், ஏசாதீங்க" என்றாள்.

"கேளு."

"இவளுக்கு மச்சம் எந்தக் கன்னத்தில?"

நான் குனிந்து போனைப் பார்த்தேன்.

"எனக்கு வருகுதில்ல. ரெண்டு மூணு வருஷமா வருகுதில்ல. முகத்த நினைச்சா அம்ஹாட முகந்தான் வந்து நிக்கிது. பெத்த உம்மாவுக்கு இப்படியும் ஒரு மறதியா?"

"இடது கன்னம்" என்றேன். "காதுக்குக் கிட்ட."

ஸகியா நிமிர்ந்தாள்.

"வலது புருவத்தில ஒரு சின்ன வெட்டு. மேல் பல்லு ஒண்டு விழுந்திருந்த. சிரிச்சா நாக்கு நுனி அதுக்குள்ளால தெரியும்."

"ஓம்... ஓம், நாக்கு தெரியும். இன்னும் சொல்லுங்க."

"நோன்புப் பெருநாளைக்கு நீலச் சட்டை. கண்ணைப் பாதி மூடிட்டு நிப்பாள். பாலர் பாடசாலைப் போட்டியில கிடைச்ச கிண்ணத்தத் தலைகீழாப் புடிச்சிருந்தாள். என்ட சைக்கிள்ல முன்னால இரிக்கக்குள்ள பெல்லில கை."

ஸகியா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இமைக்குக் கீழே கண்ணீர் இறங்கிற்று.

"வாப்பாக்கு எல்லாம் ஞாபகம்" என்றாள் அம்ஹா மெதுவாக.

"நான் உங்களப் பிழையா நினைச்சிட்டன்" என்றாள் ஸகியா. "இத்தன வருஷத்தில அவளப் பத்தி நீங்க ஒரு கதை கதைச்சதில்ல. கல்லு மனசு எண்டு நினைச்சன். அல்லாஹ் உங்கட நெஞ்சிலயாவது அவள்ட முகத்த வெச்சிரிக்கான்."

நான் ஆணச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினேன்.

"அவள்ட பட அல்பத்த அலுமாரிக்கு மேல்தட்டில வெச்சன். பிள்ளைட கைக்கு எட்டாம இரிக்கட்டும் எண்டு. கடலுக்கு எட்டிட்டுது, என்ன?"

"ஓம்" என்றேன். "கடலுக்கு எட்டிட்டுது."

ஸகியா முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் போனை என் பக்கம் உயர்த்தினாள்.

"அசையாதீங்க. இந்த முகமும் எனக்கு வேணும்."

அசையாமல் நின்றேன்.

கடல் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், படம் இருக்கிற வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு வந்து, ஸகியா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அந்த அல்பத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு படமாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நெருப்பில் போட்டேன்.