வரி இல்லாத பெட்டி

நாகல் நகர் வீட்டு வாசலில் தபால்காரர் ராமர் பெட்டியை இறக்கியதுமே ஜெய்தூன் பீவி மணிபர்ஸைத் திறந்துவிட்டாள்.

மகன் ஹாமித்துக்குப் பழைய பொம்மைக் கார் சேர்க்கிற பைத்தியம். குவைத்தில் வாங்கி வாங்கி வீட்டுக்கு அனுப்புவான். ஒவ்வொரு தடவையும் சுங்க வரியைக் கட்டிவிட்டு, "வெளையாட்டுச் சாமானுக்கு இம்புட்டு வரியாடா? இனிமே அனுப்பாத!" என்று போனில் அவனை வறுத்தெடுப்பாள்.

"வரி எம்புட்டு அப்பு?"

"இதுக்கு வரி இல்லம்மா." ராமர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதெப்படி இல்லாமப் போகும்? போன தடவை இதவிடச் சின்னப் பெட்டி. அதுக்கே வாங்குனியே!"

"ஆபீஸ்லயே போடலம்மா."

"கவனிக்காம விட்டிருப்பாங்க. நீ பிடி." ரூபாயை ராமரிடம் நீட்டினாள்.

மகள் முஹ்சினா உள்ளேயிருந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"விடும்மா. கார் மட்டுமில்ல, அண்ணனோட கைலி, கண்ணாடி எல்லாமே இதுலதான் இருக்கு. மவுத்தாகிக் கண்ண மூடுனவங்க சாமானுக்கு வரி கெடையாதாம்."

ஜெய்தூன் பீவி நீட்டிய கையை மடக்கவில்லை.

"எம்புட்டுனாலும் கட்டுறேன். வரி போட்டுக் கொண்டா அப்பு."