இரண்டாவது புள்ளி

முப்பத்தோராம் கூட்டை மணலில் புதைத்து அறுபத்தைந்து நாளும் மூன்று மணி நேரமும் ஆகியிருந்தன.

இடப்பக்கத்து முப்பதாம் கூடு ஐம்பதாம் நாளே பொரித்துவிட்டது. வலப்பக்கத்து முப்பத்திரண்டு அதற்கு மறுநாள். நடுவில் இது மட்டும் வாயே திறக்கவில்லை.

அறுபத்தைந்து நாள் தாண்டினால் கூட்டைத் தோண்டிப் பார்த்து, பொரிக்காத காரணத்தைப் படிவத்தில் எழுத வேண்டும். கடலாமைப் பொரிப்பகத்தில் அதுதான் விதி.

காவல்காரர் ஒரு காலை நீட்டியபடி மணலில் உட்கார்ந்தார். அந்த முழங்கால் மடங்காது. பக்கவாட்டில்தான் நடப்பார். அதனால் கரையில் எல்லோருக்கும் அவர் நண்டு அண்ணன். பதினோரு வருடமாக இந்த வேலிக்குள்தான் அவருடைய சோறும் தூக்கமும்.

எதிரே ஆய்வு மாணவி, மடியில் படிவ அட்டையோடு.

நான்கு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து கரையோரம் பத்துக் கிலோமீட்டர் நடக்கிறாள். ஆமைத்தடம் தேடுவது, முட்டையை எடுத்து வந்து புதைப்பது, மூன்று வேளையும் மணலின் சூட்டைக் குறிப்பது. உட்கார்ந்தால் போதும், தலை தானாகச் சாய்ந்துவிடுகிறது. இன்று மட்டும் சாயவில்லை.

பொரிப்பகத்தின் பொறுப்பாளரான மேடம் நின்றுகொண்டிருந்தார். முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று முகமே சொன்னது.

இருபதாம் நாள் அடித்த காற்றில் நிழல்வலை கிழிந்தது. நண்டு அண்ணன் அதைத் தைத்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. அந்த வெயிலில் முட்டைகள் வெந்துபோயிருக்கும் என்று மேடம் நினைக்கிறார். அது உறுதியானால் அடுத்த மாதம் வேலிக்கு வேறு ஆள்.

வலை கிழிந்தது மூன்று கூட்டுக்கும் மேலேதான். அவள் அதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

ஐம்பதாம் நாளுக்குப் பிறகு நண்டு அண்ணன் தினமும் காலையில் இந்த மணலில் காதை வைத்துக் கேட்பார். "எந்திரிங்கடா சோம்பேறிங்களா, பக்கத்து வீட்டுக்காரன் கடலுக்கே போயிட்டான்" என்பார். இன்று காதை வைக்கவில்லை. கையாலேயே மணலை வாரினார்.

முதல் முட்டை வந்தது. மஞ்சள் பூத்து, ஒரு பக்கம் அமுங்கிப்போய். மேலே பென்சில் புள்ளி.

கோழி முட்டையைக் கோழியே புரட்டிவிடும். ஆமை முட்டை அப்படியல்ல. இட்ட சில மணி நேரத்தில் கரு மேல் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டை புரண்டால் கரு செத்துப்போகும். அதனால்தான் கரையில் எடுக்கும்போதே மேல்பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பது. வாளிக்குள் அடுக்கும்போதும், குழிக்குள் இறக்கும்போதும் புள்ளி வானத்தைப் பார்க்க வேண்டும். இதை முதன்முதலில் விளக்கியபோது, "தூங்குற பிள்ளையப் புரட்டாதேன்னு சொல்றீங்க, அவ்வளவுதானே" என்றாராம் நண்டு அண்ணன்.

பத்து, இருபது, முப்பது. எல்லாப் புள்ளிகளும் வானத்தைத்தான் பார்த்திருந்தன.

மேடம் குனிந்து பார்த்தார். "வச்சதுல தப்பில்ல."

அவள் எண்ணிக்கையைக் குறித்தாள்.

நாற்பத்து மூன்றாவது முட்டையின் அடியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்த நண்டு அண்ணனின் விரல் அப்படியே நின்றது.

மேலே ஒரு புள்ளி, கறுப்பாக. அடியில் இன்னொரு புள்ளி. யாரோ கட்டைவிரலால் தேய்த்து அழித்தது போல, சாம்பலாக.

அவர் முட்டையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அவ்வளவு நேரம் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் பார்த்தார்.

பிறகு சாம்பல் புள்ளியின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்து, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி முட்டையைக் குவியலில் வைத்தார். அடுத்ததையும் அப்படியே. அதற்கு அடுத்ததையும். அதன் பிறகு எந்த முட்டையின் அடியையும் அவர் துடைக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு. குழி காலியானது.

"காரணம்னு என்ன எழுதலாம்?" என்றார் மேடம். கேட்டது அவளை. பார்த்தது அவரை.

நண்டு அண்ணன் கையிலிருந்த மணலைத் தட்டினார்.

"வலைன்னு எழுதும்மா தங்கச்சி. தைக்கிறதுல நான்தான் சுணங்கிட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "நண்டுக்கும் வயசாகாதா? மூட்டு வலி போட்டு எடுக்குது."

அவள் படிவத்தில் குனிந்தாள். காரணம் என்ற கட்டத்தில் 'வ' என்று எழுதினாள்.

அதே பென்சில்தான். கறுப்பு நன்றாகப் பிடிக்கும். தேய்த்தால் முழுதாக அழியாது.

நண்டு அண்ணன் குவியலிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் கொண்டுபோனார். பழக்கம். நினைவு வந்ததும் கீழே வைத்தார்.

அவள் பென்சிலை மணலில் வைத்தாள்.

"மேடம்."

நண்டு அண்ணன் வேண்டாம் என்பது போலத் தலையசைத்தார். அவள் அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

"இந்த முட்டைங்கள எடுத்த அன்னைக்குக் கரையில உட்கார்ந்தவ அப்படியே தூங்கிட்டேன். மடியில இருந்த வாளி கவிழ்ந்துடுச்சு. எவ்வளவு நேரம் புரண்டு கெடந்துச்சுன்னு தெரியாம, கெடந்தபடியே மேல்பக்கம்னு வச்சுப் பழைய புள்ளிய அழிச்சேன். ரெண்டாவது புள்ளி நான் வச்சது."