ஏரியில் நின்ற குண்டூசிகள்

சுகாதார நிலையச் சுவரில் தொங்கிய ஊர் வரைபடத்தில், காய்ச்சல் கண்ட வீட்டுக்கு ஒரு குண்டூசி குத்துவார்கள். விலாசம் தெரியாத நோயாளிகளின் ஊசிகளைப் படத்தின் நட்டநடுவில் குத்திவிடுவது வழக்கம். நட்டநடுவில் இருந்ததோ ஏரி.

"நாளைக்கு மருந்து வண்டி ஏரிக்குத்தான். அங்கேதானே கூட்டம் அதிகம்!" என்றது படம், பெருமையாக.

புதிதாக வந்த சிவப்பு ஊசிக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, மீனுக்கா காய்ச்சல்?"

"வீடே தெரியாத உனக்கு வாய் வேறயா? பிடிக்கலேன்னா கீழே விழு."

"மாட்டேன். நான் விழுந்தா ஒரு நோயாளியும் கணக்கிலேர்ந்து விழுந்துடுவான்."

தம் கட்டித் தன்னைப் பிடுங்கிக்கொண்டு, படத்தின் வெற்று ஓரத்தில் போய் நின்றது. ஏரியிலிருந்த ஊசிகளும் ஒவ்வொன்றாக வந்து பக்கத்தில் நின்றன.

காலையில் வந்த நர்சம்மா காலியான ஏரியைப் பார்த்தார். ஓரத்துக் கூட்டத்தைப் பார்த்தார். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, வீடு வீடாக விசாரிக்கத் தெருவில் இறங்கினார்.