ஊக்கின் முனை

தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு பவுனம்மாள் கணவனின் காலடியில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் வெறுங்காலோடு லாரி பிரேக் மிதித்த வலது கால். மிதிக்க மிதிக்கப் பாதத்தின் தோல் தடித்துச் செருப்பாகவே ஆகியிருந்தது. சர்க்கரை வந்தபின் அது வெடித்தது, புண் ஆறவில்லை, சுண்டுவிரல் நாவல்பழமாகக் கறுத்தது. “உணர்ச்சி போயிட்டா அது செத்த விரலுங்க. அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க” என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். போனால் வெட்டிவிடுவார்கள்.

அதனால் தினமும் காலையில் இந்தச் சோதனை. செங்கோடன் கண்களை மூடிக்கொள்வார். அவள் ஊக்கின் முனையால் ஒவ்வொரு விரலாகத் தொடுவாள். ஐந்துக்கும் அவர் “ஸ்ஸ்” என்ற பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இன்று கறுப்பு அடுத்த விரலையும் பிடித்திருந்தது. அதைத் தொடப்போனவள் மனசு வராமல் கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். வளையல்கள் குலுங்கி அடங்கின.

“ஸ்ஸ்… மெதுவா புள்ள” என்றார் செங்கோடன்.

ஊக்கு இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

“கண்ணத் தொறக்காதீங்க, இன்னொருக்காப் பாத்துக்கறேன்” என்றாள். வளையல்களைச் சத்தமில்லாமல் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, பெருவிரலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.