குடை மடக்காத வளைவு

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த டங்கனின் காதில் உண்மை ஆணைக்குழுவின் கருவி, அவன் சொல்ல வேண்டியதைத் தமிழில் ஓயாமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தது. அவனுடைய பாட்டனுக்குப் பாட்டன் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் எங்கே என்ன செய்தாரோ, அந்தந்த இடத்தில் நின்று அவன் அதைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். கேட்பதற்காகக் கூடவே நடந்தாள் அதே தோட்டத்துத் தொழிலாளி புஷ்பராணி. பசி வயிற்றைக் கிள்ளினாலும் ஒன்றையும் விடுவதாக இல்லை.

ஒரு வளைவில் மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை விரித்தாள். கருவி சொன்னதைக் கேட்டு டங்கனின் முகம் சிவந்துபோனது.

“தோட்டத் துரையாக இருந்த என் பாட்டனுக்குப் பாட்டனைக் கண்டும் உங்கள் பூட்டி இங்கேதான் குடையை மடக்கவில்லை. அவர் பிரம்பால் அடித்து, மழையிலேயே நிற்க வைத்தார். மன்னித்துவிடுங்கள்.”

“மன்னிக்கிறத வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றேன். நனையாம உள்ள வாங்க தம்பி.”

குனிந்து நுழைந்தவனின் தலை குடைக்கம்பியில் இடித்தது. புஷ்பராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“நீங்கதானே உசரம்? நீங்களே புடிங்க.”

அவன் பிடித்தான். மலைச்சரிவில் கொழுந்து பறித்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“கை வலிக்குதா தம்பி?”

“கொஞ்சம்.”

“குறுக்குப் பாதையில போனா வீடு கிட்டதான்” என்றாள் அவள். “நாம சுத்தியே போவோம்.”