நாற்பது நோயாளிகள்

"உனக்கு முதுகுவலியா? நேத்து சாயங்காலம் தனி ஆளா ஒரு படகைத் தூக்கி வண்டி மேல வெச்சியே, அது எந்த முதுகு?"

நடீன் கோஸ்கி தான் பிடித்து நடக்கும் வாக்கரைக் குறுக்கே நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

ரஸ் லாண்டா தலையைச் சொறிந்தான். ஊர்ச் சாலைகளில் பனி அள்ளும் லாரியை ஓட்டுபவன். அவன் கையில் புத்தம் புதிய மருத்துவ அட்டை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், அரசு அனுமதியோடு நடக்கும் அந்தக் கஞ்சாக் கடையில் இரண்டு கவுண்டர்கள். வலது பக்கம், இருபத்தொரு வயதானால் யாரும் வாங்கலாம். இடது பக்கம், டாக்டர் சான்றுடன் அட்டை பெற்ற நோயாளிகளுக்கு மட்டும். நடீனுக்கு வேண்டிய கடும் வீரிய எண்ணெய் அங்கேதான் கிடைக்கும். ஒரு நாள் அது இல்லாவிட்டால், அவள் கால் தசைகள் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இறுகிவிடும்.

எல்லோருக்கும் விற்கலாம் என்று மிச்சிகனில் சட்டம் வரும்வரை, அங்கே இடது கவுண்டர் மட்டும்தான் இருந்தது. அப்போது ஊரில் முந்நூறு பேருக்கு முதுகுவலி. சட்டம் வந்த வாரமே அத்தனை பேருக்கும் குணமாகிவிட்டது. எந்த மருத்துவமனையும் செய்யாத அற்புதம்!

அதில் அதிகம் மகிழ்ந்தவள் நடீன்தான்.

"போலிங்க ஒழிஞ்சாங்க. இனிமே நிஜ நோயாளி நிம்மதியா நிக்கலாம்."

நிம்மதியாகத்தான் நின்றாள். சில நாள் அவள் மட்டும்தான் நின்றாள்.

இந்த மாதம் முதல் தேதி, கவுண்டரில் இருக்கும் டனீஷா சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். மாதம் நாற்பது நோயாளிகளாவது வராவிட்டால் இடது கவுண்டர் மூடப்படும்.

"மூடினா நான் எங்கே போறது?"

"அடுத்த கடை தொண்ணூறு மைல், நடீன்."

"என்னால கார் ஓட்ட முடியாதே!"

"தெரியும். அந்த முந்நூறு பேர் வந்ததாலதான் இந்தக் கவுண்டரே ஓடிச்சு. நிஜ நோயாளிங்க மொத்தமே பதினோரு பேர்தான்."

இத்தனை வருஷம் வாய்க்கு வந்தபடி திட்டியவர்களிடம் போய்க் கெஞ்ச நடீனால் முடியாது.

இன்று மாதக் கடைசி நாள். இப்போது ரஸ் வந்து நிற்கிறான்.

"வலது பக்கம் போடா. அங்கே உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எதுக்கு டாக்டர்கிட்டப் பொய் சொல்லி அட்டை வாங்கினே? நோயாளிக்கு வரி கம்மின்னு மிச்சம் பிடிக்கவா?"

"அந்த டாக்டருக்கே நூறு டாலர் அழுதேன், நடீன். இதுல மிச்சம் எங்கே?"

"அப்புறம் எதுக்கு?"

ரஸ் சுவரில் இருந்த தாளைப் பார்த்தான். பிறகு டனீஷாவிடம் திரும்பினான்.

"கஞ்சா போட்ட புதினா மிட்டாய் ஒரு டப்பா குடு. இருக்கறதுலயே சின்னது."

அவனுக்குப் பின்னால் கதவு திறந்தது. பேஸ்டி என்னும் இறைச்சி அப்பம் விற்கும் எல்மர் வந்தார். ஹாக்கி ஆடும் இளைஞர்கள் ஆறு பேர் வந்தார்கள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் கார்லா வந்தாள். அதற்குப் பின்னாலும் வரிசை தெருவரை நீண்டது. எல்லோர் கையிலும் புது அட்டை. மறு கை இடுப்பில். கார்லாவுக்கு வாசலைத் தாண்டிய பிறகுதான் நொண்ட வேண்டும் என்ற ஞாபகம் வந்தது.

நடீன் மெல்ல வாக்கரை ஓரமாக நகர்த்தினாள்.

கவுண்டரை மூடுவதற்கென்றே டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த முதலாளி பிரென்ட், உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார். நேராக நடீனிடம் வந்தார்.

"உங்க வாயில பொய் வராதுன்னு டனீஷா சொல்றா. இதுல ஒருத்தர் போலின்னாலும் சொல்லிடுங்க. எனக்கு லைசென்ஸ் முக்கியம். இப்பவே மூடிடறேன். இவங்கல்லாம் நிஜமாவே நோயாளிங்களா?"

பதற்றத்தில் கார்லா நொண்டும் காலை மாற்றிவிட்டாள்.

நடீன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இவங்க படற பாட்டைப் பார்த்தா, நான் எவ்வளவோ பரவாயில்லை சார்" என்றாள். "பாருங்க, எனக்கே அழுகை வருது."

அந்த அழுகை மட்டும் நிஜம்.