ஏன் முன்பே கூட்டி வரவில்லை?

"பொண்டாட்டியை இந்த நிலைமையிலயா கொண்டாந்து போடுவீங்க?"

ஆஸ்பத்திரி நர்ஸ், மிஸ்ஸி பிலோமினம்மாள், கோவிந்தசாமியைக் கேட்டாள். அவன் ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ரோடு போடும் வேலை அவனுக்கு. விடிந்ததும் மனைவி சந்திரமதியைப் பக்கத்து வீட்டு லாரியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதி, வெடித்தே போயிருந்தது.

"இதே வியாதிதான்," என்றாள் மிஸ்ஸி மறுபடியும். "போன மாசம் அழகப்பன்னு ஒருத்தர், ஹார்பர்ல கிரேன் ஓட்டுறவர். வயித்துல என்னமோ துடிக்குதுன்னு அவரே நேரா வந்தார். ஊதின இடத்துல துணிக் குழாய் வெச்சுத் தைச்சாங்க. பதினஞ்சாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்லா. உங்களுக்குன்னா ஓடி வருவீங்க. பொம்பளைன்னா வெடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டு இருப்பீங்க."

சிங்கப்பூர் தனி நாடாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இந்த ஆபரேஷனே ஊருக்குப் புதுசு. டாக்டர்களுக்குத் தமிழ் வராது, கோவிந்தசாமி போன்றவர்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசுவது பிலோமினம்மாளின் வேலை. புருஷன்மார்களைத் திட்டுவதை அவள் அந்த வேலையோடு சேர்த்து இலவசமாகச் செய்தாள்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் லிம் வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"தவறிட்டாங்க" என்றாள் கோவிந்தசாமியிடம். "ரத்தம் ரொம்பப் போயிடுச்சாம்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அழக்கூட வரவில்லை.

டாக்டர் நகரவில்லை. "இந்த வருஷம் ஐந்து ஆண்களுக்குச் செய்தோம், நான்கு பேர் பிழைத்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு பேருமே போய்விட்டார்கள். கத்தி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். பெண்கள் மட்டும் வெடித்த பிறகு வருகிறார்கள். ஏன் முன்பே கூட்டி வரவில்லை என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் எழுத வேண்டும்" என்றார் இங்கிலீஷில்.

பிலோமினம்மாள் கொஞ்சம் காரம் சேர்த்தே கேட்டாள்.

கோவிந்தசாமி நிமிர்ந்து பார்த்தான். குரலில் கோபமே இல்லை.

"கூட்டிட்டு வந்தேனே மிஸ்ஸி. லீவு போட்டு மூணு தடவை வந்தேன். கீழ ஓ.பி.யில, சின்ன டாக்டர்கிட்ட. நீங்கதான் நடுவுல பேசினீங்க."

"நானா?"

"வயித்துக்குள்ள நெஞ்சு அடிக்கிற மாதிரி அடிக்குது, முதுகு பொளக்குதுன்னு அவ எவ்வளவோ சொன்னா. நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தைதான் சொன்னீங்க. அவரு வெள்ளை மருந்து எழுதினாரு. 'பொம்பளைங்களுக்கு இதெல்லாம் வெறும் வாயுதாம்மா, போய் வேலையைப் பாரு, சரியாயிடும்'னு சொல்லி அனுப்புனீங்க. நாங்களும் நம்பிட்டோம்."

பிலோமினம்மாளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கதவு வரைக்கும் நின்ற வரிசை. சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெண். அழகப்பன் துடிக்கிறது என்றபோது ஒரு சொல் விடாமல் டாக்டரிடம் சொன்னவளும் இதே பிலோமினம்மாள்தான். சந்திரமதி சொன்னதும் அதே துடிப்பு. இவளுக்கு மட்டும் 'வாயு' என்ற ஒரு சொல் போதும் என்று அன்றைக்குத் தோன்றியிருந்தது.

"என்ன சொல்கிறான்?" டாக்டர் பேனாவைத் திறந்தார்.

பிலோமினம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். பிறகு நல்ல இங்கிலீஷில், தெளிவாகச் சொன்னாள்.

"வேலை அதிகமாம் டாக்டர். கூட்டி வர நேரமில்லையாம்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். கோவிந்தசாமியை ஒரு பார்வை பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, அவன் கைகூப்பினான்.